மலைக்குப் போகிற பாதை

ராஜபாளையத்தில் ஆங்கில இலக்கியம் படித்த மூன்று வருஷங்களில் என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு மரம். ராபர்ட் ஹெரிக்கின் மே மாதக் கவிதையை நடத்திய ஆசிரியர், ஒயிட்தார்ன் என்ற சொல் வந்த இடத்தில், "அது ஒரு முள்ளுச்செடிப்பா, வெள்ளையாப் பூக்கும்" என்று சொல்லி அடுத்த வரிக்கு நகர்ந்துவிட்டார். மம்சாபுரத்துக்காரனான எனக்குத் தெரிந்த முள் சீமைக்கருவேலம். ஆகவே கொரின்னா என்ற அந்த ஆங்கிலேயப் பெண் எங்கள் கண்மாய்க் கரையில் கருவேலங்கொப்பு ஒடித்துத் தலையில் வைத்துக்கொண்டு வருவதாகவே பரீட்சை முடியும்வரை நினைத்திருந்தேன். பிறகு விஷயம் தெரிந்து வெட்கப்பட்டேன். இப்போது யோசித்தால் அது அவ்வளவு தவறாகவும் தோன்றவில்லை.

கவிதையின் விஷயம் எளியது. மே மாதம் முதல் நாள். ஊர்ப் பிள்ளைகள் விடியுமுன் காட்டுக்குப் போய்ப் பூத்த கிளைகளை ஒடித்து வந்து வாசல்களில் செருகுகிறார்கள். ஒருத்தி மட்டும் தூங்குகிறாள். அவளை எழுப்புகிறான் ஒருவன். பறவைகள் எழுந்தாயிற்று, மற்றப் பெண்கள் போயாயிற்று என்று காரணம் அடுக்குகிறான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு இது புதிய காட்சி அல்ல. திருப்பாவையின் முப்பது பாட்டில் ஆறாவதிலிருந்து பதினைந்தாவது வரை பத்துப் பாட்டும் தூங்குகிற பெண்களை எழுப்புவதில்தான் செலவாகின்றன. காரணங்களும் ஏறக்குறைய அவையே. வகுப்பில் ஆசிரியரும் சொல்லவில்லை, மார்கழி முழுக்க ஒலிபெருக்கியில் அதைக் கேட்டு வளர்ந்த நாங்களும் சொல்லவில்லை.

இந்த ஒற்றுமையை வைத்து ஓர் ஒப்பிலக்கியக் கட்டுரை எழுதிவிடலாம். எழுதியும் பார்த்தேன். நான்கு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. கவிதையில் அவர்கள் எழுந்தார்களா என்று பார்த்தேனே தவிர, எழுந்து எங்கே போனார்கள், அந்தப் பாதை பிற்பாடு என்ன ஆயிற்று என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்ட பிறகு கவிதையை விட்டுச் சற்றுத் தூரம் போகவேண்டியதாயிற்று.

*

ஹெரிக் டெவன் பகுதியில் டீன் பிரையர் என்ற கிராமத்தில் பாதிரியார். மே நாள் வழக்கம் அவர் காலத்துக்கே பழையது. 1583-ல் பிலிப் ஸ்டப்ஸ் என்பவர், இரவெல்லாம் காட்டில் தங்கிவிட்டுக் காலையில் திரும்பும் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி மிகுந்த கவலையுடன் எழுதியிருக்கிறார். இந்தக் கவலை பெருகி, 1644 ஏப்ரலில் பார்லிமெண்ட் நாடெங்கும் மே கம்பங்களை இறக்கச் சட்டம் செய்தது. 1647-ல் மன்னர் பக்கம் நின்ற ஹெரிக் பதவியை இழந்தார். அவருடைய கவிதைத் தொகுப்பு 1648-ல் வெளியாயிற்று. அதாவது, எழுந்து வா என்று கொரின்னாவை அழைக்கிற கவிதை வாசகன் கைக்கு வந்தபோது, அவள் போய்ச் சேரவேண்டிய விழா சட்டவிரோதமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்கு அது 'வாழ்க்கை நிலையாதது, இன்றே அனுபவி' என்ற தத்துவத்துக்கு உதாரணமாக நடத்தப்பட்டது. பத்து மதிப்பெண் கேள்வி.

1660-ல் மன்னராட்சி திரும்பியதும் கம்பங்களும் திரும்பின. 1752-ல் வேறு ஓர் இடி. காலண்டரைத் திருத்துவதற்காக அவ்வருஷம் செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று வைத்தார்கள். பதினொரு நாள் போயிற்று. மே முதல் தேதி பருவத்தில் அத்தனை நாள் முந்திக்கொண்டது. ஒயிட்தார்ன் அன்றைக்குப் பூத்திருக்கும் என்ற நிச்சயம் போய்விட்டது. இதையும் ஜனங்கள் சமாளித்தார்கள். மதத்தையும் பஞ்சாங்கத்தையும் தாக்குப்பிடித்த வழக்கத்தால் வேலியைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1604-லிருந்து 1914 வரை 5,200-க்கு மேற்பட்ட சட்டங்கள் மூலம் சுமார் 68 லட்சம் ஏக்கர் பொதுநிலம் தனியார் நிலமாயிற்று. இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஜான் கிளேர் என்ற விவசாயக் கூலி, தன் ஊரான ஹெல்ப்ஸ்டனுக்கு 1809-ல் இப்படி ஒரு சட்டம் வந்தபின், அடைபட்ட பாதைகளையும் வெட்டுண்ட மரங்களையும் பேர் சொல்லிச் சொல்லிக் கவிதை எழுதினார். அவர் எங்கள் பாடத்தில் இல்லை.

'ஃபோக்லோர்' என்ற சொல்லை வில்லியம் ஜான் தாம்ஸ் என்பவர் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் உருவாக்கியது 1846-ல். பெரும்பாலான வேலிகள் போட்டு முடிந்த சமயம் அது. வழக்கமாக இருந்தவரையில் அதற்குத் தனிப் பேர் தேவைப்படவில்லை.

*

லண்டனை ஒட்டி எப்பிங் என்றொரு காடு இருக்கிறது. அதன் ஓரத்துக் கிராமமான லௌட்டனில் ஓர் உரிமை இருந்தது. குளிர்காலத்தில் அடுப்புக்காகக் காட்டு மரங்களின் கிளைகளைத் தறித்துக்கொள்ளலாம். நவம்பர் 11 நள்ளிரவில் அந்தப் பருவம் தொடங்கும். ஏப்ரல் 23-ல் முடியும். அந்த நள்ளிரவில் ஊரார் கூடித் தீ மூட்டி, குடித்து, முதல் கிளையைத் தறிப்பார்கள். அந்த ராத்திரி ஒருவராவது தறிக்காவிட்டால் ஊர் முழுவதற்கும் உரிமை போய்விடும் என்பது நம்பிக்கை.

இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இலக்கிய மாணவன் என்ற முறையில் அல்ல, பாங்க் கிளார்க் என்ற முறையில். கடன்காரர் மூன்று வருஷம் எந்தச் சலனமும் இல்லாமல் இருந்துவிட்டால் கடன் காலாவதியாகிவிடும். அதற்கு முன் அவரைத் தேடிப் பிடித்து, பாக்கி உண்டு என்று ஒரு கையெழுத்து வாங்கவேண்டும். வாங்கிவிட்டால் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கவலை இல்லை. எங்கள் கிளையில் இந்தக் கையெழுத்துக்காக நான் ஏறி இறங்காத வீடில்லை. லௌட்டன் ஜனங்கள் நள்ளிரவில் தறித்த கிளை அத்தகைய கையெழுத்து. தீயும் குடியும் பாட்டும் பின்னால் வந்து சேகரிப்பவர் கண்ணுக்குப் படுகிற விஷயங்கள். அவற்றுக்கு அடியில் இருப்பது ஒரு பாத்தியதை.

1860-களில் அவ்வூர் நிலப்பிரபு காட்டை அடைத்தார். வில்லிங்கேல் என்ற குடும்பம் வழக்கம்போலத் தறித்தது. அக் குடும்பத்தவர் சிறைக்குப் போனார்கள். விவகாரம் பெரிதாகி, 1878-ல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. காடு வேலியிலிருந்து தப்பியது, லண்டன் மக்கள் உலாவுவதற்குத் திறந்துவிடப்பட்டது. கிளை தறிக்கும் உரிமைக்கு மட்டும் நஷ்ட ஈடு கொடுத்து அதை முடித்துவிட்டார்கள். அந்தப் பணத்தில் ஊருக்கு ஒரு மண்டபம் எழுந்தது. ஆக, உலாவ வருகிறவனுக்குக் காடு கிடைத்தது. விறகுக்குப் போனவனுக்கு மண்டபம் கிடைத்தது.

அதே 1878-ல் லண்டனில் நாட்டார் வழக்காறுகளைச் சேகரிக்க ஃபோக்லோர் சொசைட்டி தொடங்கிற்று. அதே 1878-ல் இந்திய வனச் சட்டம் நிறைவேறிற்று.

*

இங்கே ஒரு சொல் விஷயம். எங்கள் ஊரில் 'காட்டுக்குப் போறேன்' என்றால் புஞ்சைக்குப் போகிறேன் என்று அர்த்தம். மரமும் மிருகமும் இருக்கிற இடத்துக்குப் பேர் 'மலை'. செண்பகத்தோப்புக்கு மேலே ஏறுகிறவள் 'மலைக்குப் போயிருக்கா'. எனவே 'காப்புக்காடு' என்று பலகை வைத்தபோது அந்தச் சொல்லே எங்களுக்கு அந்நியமாக இருந்திருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'ஃபாரஸ்ட்' என்பது நார்மன் அரசர்கள் கொண்டுவந்த சட்டச் சொல். மன்னரின் வேட்டைக்கென்று ஒதுக்கப்பட்டு, தனிச் சட்டத்துக்கு உட்பட்ட நிலம் என்பது அதன் பொருள். உள்ளே மரம் இருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 1217-ல் இந்தச் சட்டத்தின் கொடுமையைத் தளர்த்தி, அங்கே வாழ்ந்தவர்களுக்கு மேய்ச்சல் முதலிய உரிமைகளை உறுதிசெய்து ஒரு சாசனம் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சாசனம் கப்பல் ஏறவில்லை. சட்டம் மட்டும் ஏறிற்று.

சென்னை மாகாணம் சுலபமாக மசியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1871-ல் ரெவின்யூ போர்டு, இம்மாகாணத்தில் ஏதேனும் ஒரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்காத காடு அநேகமாக இல்லை, ஆகவே அரசு அதை முழு உடைமையாக எடுத்துக்கொள்ள முடியாது என்று வாதாடியது. வாதாடியவர்களும் ஆங்கிலேய அதிகாரிகள்தாம். அதனால்தான் 1878 சட்டம் இங்கே பொருந்தாமல், 1882-ல் சென்னைக்கென்று தனி வனச் சட்டம் வந்தது. அச்சட்டத்தில் உரிமைகளை விசாரிக்க ஒரு செட்டில்மெண்ட் அதிகாரி உண்டு. குறைந்தது மூன்று மாத அவகாசம் கொடுத்து அறிவிப்பு வெளியிடுவார். அதற்குள் உரிமை கோராதவனுக்கு உரிமை இல்லை. பார்வைக்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் வருஷம் தவறாமல் மலைக்குப் போய்வந்ததே தன் கையெழுத்து என்று இருந்தவளிடம் காகிதம் கேட்டால் என்ன செய்வாள்? நூற்றாண்டுகளின் பாத்தியதை மூன்று மாதத்தில் காலாவதி ஆயிற்று.

பிறகு இங்கேயும் சேகரிப்பவர்கள் வந்தார்கள். 1909-ல் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் வந்தன. பளியர்களுக்கு அதில் இடம் உண்டு. அவர்கள் மலையில் என்ன தின்பார்கள், எப்படித் தேன் எடுப்பார்கள் என்பது நூலாயிற்று.

*

பாட்டு மட்டும் நின்றது. ஆண்டாளின் நோன்பைச் சற்று நிதானித்துப் பார்த்தால் அது பருவத்தோடு கட்டிய ஒரு காரியம். நெய் இல்லை, பால் இல்லை, மை இல்லை, பூ இல்லை, விடியலில் நீராட்டம். பலன் மழையும் பசுவின் பாலும் வயலின் நெல்லும். நாலாம் பாட்டு மழையை நேராகவே அழைக்கிறது. ஆனால் மார்கழி இப்போது டிசம்பர் பதினாறு வாக்கில் பிறக்கிறது. அக்டோபரில் தொடங்கிய வடகிழக்குப் பருவமழை அநேகமாக முடிகிற நேரம். மழை முடியும்போதா மழைக்கு நோன்பு?

இங்கே 1752-ன் கதைதான், சந்தடியில்லாமல். நமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து வருஷத்தை அளக்கிறது. பருவங்களோ சூரியன் வடக்கும் தெற்கும் போய்வருவதை ஒட்டியவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் எழுபத்தொரு வருஷத்துக்கு ஒரு நாள். ஆண்டாளின் காலம் எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டு என்றால், இதுவரை பதினேழு பதினெட்டு நாள் தள்ளியிருக்கிறது. இன்றைய காலண்டர்க் கணக்கில் அவள் மார்கழி நவம்பர் கடைசியில் பிறந்திருக்கும். அடைமழையின் நடுவில். அந்த இருட்டிலும் ஈரத்திலும் எழுந்து நீர்த்துறைக்குப் போவது எத்தகைய காரியம் என்று நினைத்துப் பார்க்கலாம். தூங்குகிறவள் மேல் எனக்கு அனுதாபமே உண்டாகிறது.

பருவம் நகர்ந்தது யாருக்கும் உறுத்தவில்லை. காரணம், பாட்டு தன் துறையை விட்டுக் கோயிலுக்குள் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. கோயிலுக்குள் பருவம் தேவையில்லை, தேதி போதும்.

என் வேலை மேஜையில் வேறொரு பஞ்சாங்கம் ஓடுகிறது. நகைக்கடன் லெட்ஜர். முன்பெல்லாம் விதைப்புக்கு முன் நகை உள்ளே வரும், தை அறுவடைக்குப் பின் வெளியே போகும் என்று பழைய ஊழியர்கள் சொல்வார்கள். லெட்ஜரைப் பார்த்து மழை எப்படி என்று சொல்லிவிடலாமாம். நான் சேர்ந்த பிறகு பார்ப்பது ஜூன் மாதக் கூட்டம். பள்ளிக்கூடக் கட்டணம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஜூன் வருகிறது.

*

மலை இப்போது எப்படி? 1988-ல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடைசெய்து, அதே மாதத்தில் அதைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்களுக்கு மட்டும் என்று திருத்தியது. நம்முடையது இரண்டு கணக்கிலும் வருகிறது. சதுரகிரிக்கு ஆடி அமாவாசையன்று ஜனம் மலையை மூடிக்கொண்டு ஏறுகிறது. அது சரிதான். ஆனால் கவனிக்கவேண்டியது, பழைய பாதைகளில் பக்தனின் பாதை மட்டும் பிழைத்திருக்கிறது. விறகுக்காரியும் மாட்டுக்காரனும் போன பாதை பிழைக்கவில்லை. எப்பிங்கில் உலாவ வந்தவன் ஜெயித்ததுபோல.

அடைக்காமல் விட்டிருந்தால் அந்த அணில் மிஞ்சியிருக்குமா என்று என்னைக் கேட்டால், அநேகமாக மிஞ்சியிராது என்றுதான் சொல்வேன். ஓடைக்கரை மரங்கள் ஒன்றோடொன்று கிளை கோத்து நின்றால்தான் அது இறங்காமல் போய்வர முடியும். அந்த மரங்களை நம்பியே எங்கள் கண்மாய்களும் இருக்கின்றன. இதை மறைத்துவிட்டு அழுவது சுலபம். நமது கவிதைகளில் சமீபமாகப் பெருகியிருக்கும் 'வனம்' அப்படி அழுகிற வனம். அதில் பெயருள்ள மரம் இல்லை, மாதம் இல்லை, விறகு இல்லை. போய்வந்தவள் யாரும் அதை 'வனம்' என்று அழைத்ததில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பத்தாவோடு மலையடிவாரம் வரை போயிருந்தேன். இறங்கி வரும்போது இரண்டு பேர் மறித்தார்கள். கட்டைப் போடச் சொன்னார்கள். அரிவாளை வாங்கிக்கொண்டார்கள். அப்பத்தா கெஞ்சவில்லை, வாதாடினாள். "ஒடிஞ்சு கெடந்ததுய்யா. வெட்டுவாய் இருக்கான்னு பாருங்க. ஆடிக் காத்து ஒடிச்சது" என்று கட்டைப் பிரித்து ஒவ்வொரு கொம்பின் முனையாகக் காட்டினாள். அவர்கள் பார்க்கவில்லை. திரும்பும்போது என்னிடம், "அருவாள கொண்டு போயிருக்கப்படாதுய்யா" என்று மட்டும் சொன்னாள். விழுந்ததற்கும் வெட்டியதற்கும் உள்ள அந்த வித்தியாசத்தின் மேல்தான் இங்கிலாந்துக் கிராமங்களின் விறகுரிமை பல இடங்களில் நின்றது என்று பதினைந்து வருஷம் கழித்துப் படித்தேன். அன்று அவள் பேசியது சட்டம். நான் அதைக் கெஞ்சல் என்று எண்ணிக் கூச்சப்பட்டு நின்றிருந்தேன்.

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. பளியர் போன்ற பழங்குடிகளோடு, மூன்று தலைமுறையாகக் காட்டைச் சார்ந்து வாழும் பிறருக்கும் அதில் இடம் உண்டு. 2008-ல் வந்த விதிகளில், ஆவணம் இல்லாதவர்க்கு ஊர் மூத்தோரின் வாக்குமூலத்தையும் எழுத்தில் பதிந்து சாட்சியமாக ஏற்கலாம் என்றிருக்கிறது. 1882 கேட்காத கேள்வியைக் கேட்க 126 வருஷம் பிடித்திருக்கிறது. கேட்டபோது என் அப்பத்தா உயிரோடு இருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து யாராவது கேட்டால் மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். நான் பக்கத்து அறையில் ஹெரிக்கை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். என் வீட்டில் யாரும் விண்ணப்பிக்கவில்லை. அவள் சொன்னதை யாரும் எழுதவும் இல்லை.

என் காதில் விழுந்தவரை இவ்வளவுதான். தையில் கூரைப்புல், நெல்லிக்காய். மாசி பங்குனியில் புளி, சீயக்காய். சித்திரையில் தேன், அது பளியர் எடுப்பது, நாம் எடுக்கக் கூடாது, தானியம் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆடியில் காற்று ஒடித்துப் போடும் விறகு; நிற்கிற மரத்தில் கை வைக்கக் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் ஓடையில் தண்ணீர் இறங்கும், மலைக்குப் போகக் கூடாது.

மார்கழிக்கு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை.